ஃபலிராக்கியில் ஒரு வாரம்: எதற்கு நாளைக் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் பேக்கேஜ் டூர் பதிவு செய்பவர்களில் நிறையப் பேருக்கு அறை கிடைப்பது ஃபலிராக்கியில்தான். தீவின் கிழக்குக் கரையில், ரோட்ஸ் நகரத்திலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நாலைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு மணல், அதை ஒட்டி வரிசையாக ஹோட்டல்கள், தெற்குக் கோடியில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் சின்னத் துறை, நடுவில் விடியும்வரை பாட்டுச் சத்தம் ஓயாத பார் தெரு. போய் இறங்கிய மறுநாளே யாராவது ஒருவர் மடக்குத் தாளை நீட்டுவார்: லிண்டோஸ் டூர், சிமி தீவுக்குப் படகு, வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு, வாட்டர் பார்க், துருக்கிக்கு ஒருநாள் பயணம், பார் பாராக ஏறி இறங்கும் இரவு உலா. தாளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினால் விடுமுறை முழுக்க பஸ் ஜன்னல் ஓரத்திலேயே கழிந்துவிடும்.

எதைத் தேர்வு செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விலையைப் பார்க்குமுன் வெயிலைப் பாருங்கள் என்பதுதான். ஜூலை, ஆகஸ்டில் பகல் பன்னிரண்டிலிருந்து நாலரை வரை அங்கே கல்லில் ஏறுவது, நிழலில்லாத இடிபாடுகளுக்குள் நடப்பது எல்லாம் உடம்பை வாட்டி எடுத்துவிடும். அந்த நேரம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மரத்தடியில் இருக்க வேண்டும். ஏற வேண்டியதையெல்லாம் காலையில் ஏறிவிட்டு, நகரத்தில் சுற்ற வேண்டியதை மாலைக்கு வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். டூர் பஸ்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் ஓடுகின்றன: ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றிக்கொண்டு, உச்சிவெயில் நேரத்தில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் இறக்கிவிடும்.

எந்தக் கடலில் குளிப்பது?

ஹோட்டலுக்கு முன்னாலேயே கடல் இருக்கும்போது வேறெங்கே போவது என்று தோன்றும். சின்னக் குழந்தைகள் இருந்தால் அது சரிதான், ஃபலிராக்கியின் பெரிய கடற்கரைக்கு நிகரானது பக்கத்தில் இல்லை. மணல் மெல்ல மெல்ல இறங்குகிறது, நிறைய தூரம் போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். கோடை முழுக்க வடமேற்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று மேற்குக் கரையில் அலையைக் கிளப்பிவிடும். கிழக்குக் கரைக்குத் தீவே தடுப்பாக நிற்பதால் இங்கே கடல் பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். ஜெட்ஸ்கி, பாராசெயிலிங், வாழைப்பழப் படகு எல்லாம் இங்கேயே உண்டு. சன்பெட்டுக்கும் குடைக்கும் காசு கேட்பார்கள், ஆனால் கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து, சன்பெட் போடாத இடத்தில் உங்கள் துண்டை விரித்து உட்காருவதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் நீந்தத் தெரிந்தவர்கள், தண்ணீருக்குள் கண்ணாடி போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு காலையையாவது ஆண்டனி க்வின் விரிகுடாவுக்குக் கொடுக்க வேண்டும். தெற்கே சில கிலோமீட்டர்தான். 1960களின் தொடக்கத்தில் ஹாலிவுட் நடிகர் ஆண்டனி க்வின் படப்பிடிப்புக்காக ரோட்ஸுக்கு வந்தார், இந்த இடம் பிடித்துப்போய் நிலம் வாங்கி, கலைஞர்களுக்கென்று ஒரு மையம் கட்ட நினைத்தார். மையம் வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பாறை, பின்னால் பைன் மரங்கள், அதன் நிழலும் கடலடிப் புல்லும் சேர்ந்து தண்ணீருக்கு ஒரு கரும்பச்சை நிறம். முகத்தைத் தண்ணீரில் வைத்தவுடனே பாறை இடுக்குகளில் மீன் கூட்டம் தெரிகிறது. கரையிலிருந்து பத்தடி போனால் போதும். கூழாங்கல்லும் பாறையுமாக இருப்பதால் தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு கட்டாயம், பாறையில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலியை வெறுங்காலால் மிதித்தால் அடுத்த இரண்டு நாள் நடக்க முடியாது. இடம் ரொம்பச் சின்னது என்பதுதான் பிரச்சினை. பத்தரை மணிக்கு மேல் போனால் கார் நிறுத்தவும் இடமிருக்காது, கால் நீட்டவும் இடமிருக்காது. அப்படி நிரம்பிவிட்டால் முனையைத் தாண்டி அடுத்த பக்கம் லாடிக்கோ என்ற குடா இருக்கிறது, மணலும் உண்டு, கூட்டமும் கொஞ்சம் குறைவு.

குடும்பத்தோடு கடலோரமாகத் தெற்கே நடக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தப் பக்கத்தில் மந்தோமாட்டா என்ற குடா ஆடையின்றிக் குளிப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வழியில் பலகை இருக்கும், பார்த்து நடங்கள்.

வடக்கே, ரோட்ஸ் நகரத்துக்குப் போகும் வழியில் கலிதேயா ஊற்று. இத்தாலியர்கள் 1912 முதல் இந்தத் தீவை ஆண்டபோது, மருத்துவக் குணமுள்ள தண்ணீர் என்று நம்பப்பட்ட ஊற்றைச் சுற்றி 1920களின் கடைசியில் குவிமாடமும் வளைவுகளும் வைத்துக் கட்டிய இடம். பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு 2007இல் திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு. கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கல்லைப் பதித்துத் தரையில் போட்ட கோலங்களைப் பார்க்கவே போகலாம், படம் எடுக்க அழகு, தண்ணீரும் தெளிவு. ஆனால் குளிப்பதற்கு மட்டும் என்றால் நான் ஆண்டனி க்வின் விரிகுடாவைத்தான் சொல்வேன். கலிதேயாவில் பாதி நேரம் யாராவது ஒருவருடைய கல்யாண போட்டோவுக்கு வழிவிட்டுக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

வாட்டர் பார்க்கா, ஏழு ஊற்றுகளா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் வாட்டர் பார்க்குக்கு எங்கே பார்த்தாலும் விளம்பரம், ஏழு ஊற்றுகளுக்கு அப்படி இல்லை.

ஃபலிராக்கி வாட்டர் பார்க் பெரியது. உயரச் சறுக்குகள், செயற்கை அலைக் குளம், மிதவையில் உட்கார்ந்து சுற்றிவரும் சோம்பேறி ஆறு, எல்லாம் உண்டு. எட்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் ஒரு முழுநாளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், அதுவும் உச்சிவெயில் நேரத்தைத் தண்ணீரில் கழிக்க வேண்டும் என்ற கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது. நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட், சாப்பாடு, லாக்கர் என்று சேர்த்தால் தொகை கொஞ்சம் கனக்கும், அதனால் காலையில் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். இதே மாதிரி சறுக்கு உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறது.

எப்டா பிகேஸ் எனப்படும் ஏழு ஊற்றுகளுக்கு, லிண்டோஸ் சாலையில் கொலிம்பியா பக்கம் உள்ளே திரும்பிப் போக வேண்டும். மலைச்சரிவில் அடர்ந்த மரங்கள், அதன் கீழே ஊற்றெடுத்து ஓடும் தண்ணீர், அந்தத் தண்ணீரை அணைக்குத் திருப்ப இத்தாலியர்கள் குடைந்த ஒரு சுரங்கம், நீளம் சுமார் 186 மீட்டர். அதற்குள் நடந்து போகலாம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், கணுக்கால் அளவுக்கு ஐஸ் போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்ச தூரத்திலேயே கும்மிருட்டு, நடுவில் ஒரு காற்றுத் துளையிலிருந்து மட்டும் வெளிச்சம் விழும். முன்னால் போகும் ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே போகும் பிள்ளைகள் வெளியே வந்ததும் திரும்ப ஒரு தடவை என்று கேட்கும். இருட்டுக்கும் இடுக்கான இடத்துக்கும் பயப்படுபவர்கள் மேலே பாதை வழியாகச் சுற்றி நடந்து மறுபுறம் உள்ள ஏரிக்குப் போய்விடலாம். மேசைகளுக்கு நடுவே மயில்கள் திரியும் ஒரு சாப்பாட்டுக் கடையும் அங்கேயே உண்டு. வெயில் நேரத்துக்கு இதைவிடக் குளிர்ச்சியான இடம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை, செலவும் கொஞ்சம்தான், ஆனால் கார் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு பற்றியும் கேட்பார்கள். பெட்டலூடஸ் என்று பெயர், தீவின் மேற்குப் பக்கம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆயிரக்கணக்கான பூச்சிகள் மரத்தண்டுகளில் அப்பிக்கொண்டு ஓய்வெடுக்கும். உண்மையில் அவை வண்ணத்துப்பூச்சி அல்ல, ஒரு வகை விட்டில். கைதட்டி, விசில் அடித்து அவற்றைப் பறக்கவிட்டால் இனப்பெருக்கத்துக்குச் சேமித்து வைத்த சக்தி வீணாகிறது, அதனால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்றுதான் அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பொறுமையாக, சத்தமில்லாமல் நடக்கும் பிள்ளைகள் என்றால் கூட்டிப்போங்கள். துறுதுறுவென்று ஓடும் வயது என்றால் ஏழு ஊற்றுகளுக்கே போய்விடுங்கள், பூச்சிகளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

லிண்டோஸா, சிமியா?

முழுநாள் பயணம் ஒன்றுதான் போக முடியும் என்றால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

லிண்டோஸ், ஃபலிராக்கியிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடலிலிருந்து 116 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறை, அதன் தலையில் அதீனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள், அதைச் சுற்றி நடுக்காலத்தில் செயின்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்கள் எழுப்பிய கோட்டைச் சுவர், கீழே வெள்ளையடித்த வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஊர். படியேறுமிடத்தில் இடப்பக்கம் பாறையிலேயே ஒரு போர்க்கப்பலின் பின்புறத்தைச் செதுக்கியிருக்கிறார்கள், கிமு 2ஆம் நூற்றாண்டு வேலை. மேலே போகும் அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள், நின்று பாருங்கள், துடுப்புப் பெட்டிவரை தெரியும். உச்சியிலிருந்து ஒரு பக்கம் லிண்டோஸ் கடற்கரை, மறுபக்கம் பாறை வளையத்துக்குள் அடங்கிய செயின்ட் பால் விரிகுடா. அப்போஸ்தலர் பவுல் அங்கே வந்து இறங்கியதாக ஊரார் நம்புகிறார்கள்.

இவ்வளவும் காலை எட்டு, எட்டரைக்கு அங்கே இருப்பவர்களுக்குத்தான். பதினொரு மணிக்கு மேல் அந்தக் குறுகிய சந்துகளில் மூச்சு முட்டும் கூட்டம், வழுவழுப்பான கூழாங்கல் தரை, மேலே ஒரு மரநிழல் கிடையாது. வெயில் அளவுக்கு மீறிப் போனால் கிரேக்க அரசு தொல்லியல் இடங்களை நடுப்பகலில் மூடிவிடுவதும் உண்டு, அப்படி ஒரு நாளில் டூர் பஸ்ஸில் போய் இறங்கினால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏற முடியாதவர்களுக்குக் கழுதைச் சவாரி இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2018இல் கிரேக்க அரசே 100 கிலோவுக்கு மேல், அல்லது கழுதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று விதி கொண்டுவர வேண்டி வந்தது. அந்த வெயிலில், அந்த வழுக்குக் கல்லில், நாள் முழுக்க மேலும் கீழும் நடக்கும் அந்த ஜீவன்களைப் பார்த்தால் ஏறி உட்கார மனது வராது. மெதுவாக நின்று நின்று ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம்.

சிமி வேறு மாதிரி. ரோட்ஸ் நகரத்தின் துறைமுகப் பக்கத்திலிருந்து காலையில் படகு கிளம்பும், வேகப் படகு என்றால் ஒரு மணி நேரம், மெதுவான படகு என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு. முனை திரும்பிப் படகு சிமி துறைக்குள் நுழையும்போது கண்ணில் படும் காட்சி லிண்டோஸின் உச்சியிலிருந்து தெரிவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல: மலையின் இரண்டு சரிவிலும் மஞ்சள், காவி, இளநீலம், ரோஜா நிறங்களில் அடுக்கடுக்காக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முக்கோண முகப்பு. கடற்பஞ்சு எடுக்க ஆழ்கடலில் மூழ்கியவர்களும் படகு கட்டியவர்களும் சம்பாதித்த பணம் அது. 1945 மே 8 அன்று ரோட்ஸும் சிமியும் அடங்கிய டோடெகனீஸ் தீவுகளில் இருந்த ஜெர்மன் படைகள் சரணடைந்து கையெழுத்திட்டது இந்தத் துறையோர வீடுகளில் ஒன்றில்தான். நிறையப் படகுகள் தீவின் மறுகோடியில் பனோர்மிட்டிஸ் மடத்திலும் நிற்கும். தேவதூதர் மிக்கேலுக்கு நேர்ந்துகொண்டு எங்கேயோ கடலில் விட்ட பாட்டில்கள் தானாகவே இந்தக் குடாவுக்கு வந்து ஒதுங்கும் என்பது நம்பிக்கை, அப்படி வந்தவற்றை மடத்தில் வைத்திருக்கிறார்கள்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிமி. படகில் நிழலில் உட்கார்ந்து கடல் பார்க்கலாம், இறங்கினால் துறையோரம் சமதளம், மேல் ஊருக்குப் போகும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறுவதும் ஏறாததும் உங்கள் விருப்பம். கடல் பயணம் வயிற்றைப் புரட்டும் என்பவர்கள், மெல்டெமி பலமாக அடிக்கும் நாளில் போகாதீர்கள், ஹோட்டலில் முந்தின நாளே காற்று நிலவரம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். கால் தெம்பாக இருக்கிறது, அதிகாலையில் எழ முடியும் என்பவர்களுக்கு லிண்டோஸ். ஏறி முடித்து இறங்கி, பதினொரு மணிக்குள் கடலில் விழுந்துவிடலாம். திரும்பும் வழியில் கார் இருந்தால் ட்சம்பிக்காவில் நிறுத்தலாம். கீழே பொன்னிற மணல், மேலே குன்றின்மேல் சின்ன மடம். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சுமார் 300 படியை வெறுங்காலோடு ஏறுகிறார்கள், வேண்டுதல் பலித்தால் ஆண் குழந்தைக்கு ட்சம்பிக்கோஸ், பெண் குழந்தைக்கு ட்சம்பிக்கா என்று பெயர் வைக்கிறார்கள். இந்தப் பெயர்களை ரோட்ஸ்காரர்களிடம்தான் அதிகம் கேட்க முடியும்.

பழைய நகரத்தை இந்தப் போட்டியில் சேர்க்காதீர்கள்

ரோட்ஸ் பழைய நகரத்தை ஒரு முழுநாள் டூராக விற்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆகவே பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும், ஒரு நாளும் வீணாகாது. வாரத்தில் ஒரு மாலை அல்ல, இரண்டு மாலை போனாலும் தகும். இந்த விடுமுறையில் நீங்கள் எதை விட்டாலும் விடுங்கள், இதை விடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

1309 முதல் 1522 வரை செயின்ட் ஜான் வீரர்கள் இங்கிருந்து ஆண்டார்கள், பிறகு ஆறு மாத முற்றுகைக்குப் பின் துருக்கிய ஒட்டோமான் சுல்தான் சுலைமானிடம் நகரம் போனது. சுற்றிலும் சுமார் நாலு கிலோமீட்டர் மதில், அதன் வெளியே தண்ணீரில்லாத அகழி. அகழிக்குள் இறங்கி நடக்கக் காசு இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டு பக்கமும் ஓங்கிய சுவர், காலடியில் புல், அங்கங்கே முற்றுகைக் காலத்துக் கல் குண்டுகள் அப்படியே உருண்டு கிடக்கின்றன. அதில் ஒன்றின் மேல் கை வைத்துப் பாருங்கள், அதன் கனம் புரியும். உள்ளே வீரர்கள் தெரு, நாட்டுக்கொரு விடுதியாக அவர்கள் தங்கிய கட்டடங்கள், தெருவின் மேல்கோடியில் தலைவர் மாளிகை. மாளிகை இன்று தெரிவது இத்தாலியர்கள் திரும்பக் கட்டியது. பழையது 1856இல் வெடிமருந்து வெடித்துச் சிதறிப்போனது. மாளிகைக்கும் அருங்காட்சியகத்துக்கும் உள்ளே போக வேண்டுமென்றால் மட்டும் மூடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சோக்ரடூஸ் தெருவில் கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைத் தாண்டித் தெற்கே சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் திடீரென்று அமைதி. எதிரெதிர் வீடுகள் நிலநடுக்கத்தில் சாயாமல் இருக்க, சந்துக்கு மேலே ஒன்றையொன்று தாங்கும் கல் வளைவுகள் வைத்திருக்கிறார்கள், வளைவுக்கு மேல் வளைவாக நீண்டுகொண்டே போகும். கிழக்குப் பக்கம் யூதர் குடியிருப்பு. 1577இல் கட்டிய கஹால் ஷாலோம் என்ற தொழுகைக்கூடம் இன்னும் இருக்கிறது, கிரேக்கத்தில் இருப்பவற்றிலேயே பழையது. 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் இந்தத் தெருக்களில் வாழ்ந்த 1,600க்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள், உயிரோடு மிஞ்சியவர்கள் 150 பேர் அளவில்தான். அவர்கள் நினைவாக ஒரு கறுப்புக் கல் தூண், மரங்களுள்ள சின்னச் சதுக்கத்தில் நிற்கிறது. பக்கத்து மேசைகளில் ஆட்கள் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் நின்று, தூணில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு நகருங்கள்.

பழங்கால உலக அதிசயங்களில் ஒன்றான கொலோசஸ் சிலையைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு: பார்க்க எதுவும் இல்லை. சுமார் 33 மீட்டர் உயரச் சிலை கிமு 280 வாக்கில் முடிந்தது, கிமு 226 நிலநடுக்கத்தில் விழுந்தது, எங்கே நின்றது என்பதே இன்றும் விவாதம். மந்த்ராக்கித் துறை வாசலில் இரண்டு தூண்மேல் மான் சிலைகள் இருக்கின்றன, எல்லோரும் படம் எடுப்பது அங்கேதான்.

பார் தெருவும் மற்ற இரவுகளும்

இளவட்டமாகக் கூட்டாளிகளோடு போகிறவர்கள் பாதிப் பேர் பார் தெருவுக்காகத்தான் ஃபலிராக்கியைத் தேர்வு செய்கிறார்கள், அதில் தப்பில்லை. ஒரு இரவு, வேண்டுமானால் இரண்டு இரவு, ஆசை தீர ஆடிவிட்டு வாருங்கள். 2003 கோடையில் குடி, அடிதடி என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஊரின் பெயர் கெட்டது, அதன் பிறகு போலீஸ் கெடுபிடி வந்தது, இன்று குடும்பங்களும் அந்தத் தெரு வழியாக நடந்துபோகிற அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டமாகப் பார் உலா போகும் டிக்கெட்டுக்கு என் ஓட்டு இல்லை. தெருவே சில நிமிடத்தில் நடந்து முடிக்கும் நீளம், அதற்கு வழிகாட்டி எதற்கு? உள்ளே இலவசமாக ஊற்றுவதும் பெரும்பாலும் மட்டமான சரக்கு. கலப்பட மதுவை அங்கே பொம்பா என்பார்கள், மறுநாள் மண்டை பிளக்கும். பாட்டிலைக் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பீரோடு நில்லுங்கள்.

தூக்கம் முக்கியம் என்பவர்கள் அறை பதிவு செய்யும்போதே வடக்குப் பக்கம் ஹோட்டலாகப் பார்க்க வேண்டும், பார் தெருவுக்கு அடுத்த தெருவில் அறை எடுத்துவிட்டு வரவேற்பறையில் போய்ச் சண்டை போட்டுப் பலனில்லை.

சாப்பாட்டுக்குத் தெற்குக்கோடி மீன்பிடித் துறைப் பக்கம் போங்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம். பிட்டரூடியா என்று ரோட்ஸுக்கே உரிய ஒரு பண்டம் உண்டு, கொண்டைக்கடலையோடு வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரிப்பது, கடித்தால் நம் மசால் வடைக்குத் தூரத்து உறவு என்று நாக்கே சொல்லும். தக்காளிச் சாறில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சையான ஜிகாண்டஸ், அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, குடைமிளகாயான கெமிஸ்டா, காய்கறிகளை ஒலிவ எண்ணெயில் வாட்டிய ப்ரியாம், இவையெல்லாம் டவெர்னா எனப்படும் சாதாரண உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையிலேயே கிடைக்கும். ஆல் இன்க்ளூசிவ் பேக்கேஜா, காலைச் சாப்பாடு மட்டுமா என்ற குழப்பத்துக்கும் என் பதில் இதிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆல் இன்க்ளூசிவ் நிம்மதி. மற்றவர்கள் காலைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டால், பணம் கட்டிவிட்டோமே என்று மாலை ஏழு மணிக்கு ஹோட்டலுக்கு ஓடிவர வேண்டியதில்லை, பழைய நகரத்தில் நிதானமாக இருக்கலாம்.

பஸ்ஸா, காரா, குவாட் பைக்கா?

ரோட்ஸ் நகரம், லிண்டோஸ் இரண்டுக்கும் பஸ் போதும், மலிவு. ஆகஸ்டில் லிண்டோஸ் பஸ் நகரத்திலேயே நிரம்பி வந்து, ஃபலிராக்கி நிறுத்தத்தில் நிற்காமல் போவது நடக்கிற விஷயம், அதனால்தான் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள் என்கிறேன். ஏழு ஊற்றுகள், ட்சம்பிக்கா, தெற்குக்கோடியில் விண்ட்சர்ஃபிங் செய்பவர்கள் குவியும் பிரசோனிசி ஆகியவற்றுக்கு இரண்டு நாள் கார் எடுத்துவிடுவது நல்லது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே எடுத்துவர வேண்டும், சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

குவாட் பைக் மட்டும் வேண்டாம். கடை கடையாக வாடகைக்கு நிற்கும், பார்க்க விளையாட்டாகத் தெரியும், மலை வளைவில் சட்டென்று கவிழும் வண்டி அது, பல பயணக் காப்பீடுகள் அதில் நடக்கும் விபத்துக்குப் பணம் தருவதில்லை. வாடகை குறைவு என்று அதை எடுப்பது லாபக் கணக்கே அல்ல.

தெற்கே போகிறவர்கள் போனில் 112 அவசர எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். 2023 ஜூலையில் காட்டுத்தீ தீவின் தென்கிழக்குக் கரைக்கு இறங்கியபோது சுமார் 19,000 பேரை ஊர்களிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வெளியேற்றினார்கள், சிலரைக் கடற்கரையிலிருந்து படகில் ஏற்ற வேண்டியிருந்தது. ஃபலிராக்கி அந்த முறை தப்பியது.

துருக்கியின் மர்மரிஸுக்கு ஒருநாள் பயணம் என்பதும் மடக்குத் தாளில் இருக்கும், வேகப் படகில் ஒரு மணி நேரம்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் தாராளமாகப் போகலாம், ஆனாலும் எல்லைச் சோதனை வரிசையில் போகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் சிமியே மேல். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் டிக்கெட்டைத் தொடுமுன் தங்கள் ஷெங்கன் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால் மர்மரிஸில் கால் வைத்த கணமே அது முடிந்துவிட்டது, மாலையில் ரோட்ஸுக்குத் திரும்பி வர முடியாது. துருக்கிக்கும் தனி விசா வேண்டும். டிக்கெட் விற்பவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

எந்த மாதம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு, பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லையென்றால் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். கோடை முழுக்கச் சூடான கடல் அப்படியே இருக்கும், கூட்டம் குறையும், லிண்டோஸ் படிகளைக் கொஞ்சம் தாமதமாக ஏறினாலும் தாங்கும். பச்சையும் பூவுமாகத் தீவைப் பார்க்க மே நல்லது, ஆனால் கடல் இன்னும் சில்லென்றுதான் இருக்கும், வாட்டர் பார்க் திறந்துவிட்டதா, சிமிக்குப் படகு தினமும் ஓடுகிறதா என்று இரண்டையும் விமான டிக்கெட் எடுக்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.